பழைய காசு சேர்ப்பதும் தரம் பார்ப்பதும்: தென்னாப்பிரிக்கத் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயாவின் பெட்டியில் ஒரு டப்பா நிறையப் பழைய காசு கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

கழுவாதீர்கள். துடைக்கவும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும்.

மேசைமேல் ஒரு தடித்த பருத்தித் துண்டை மடித்து விரியுங்கள். கை தவறி விழும் காசு ஓட்டுத் தரையில் பட்டால் விளிம்பு நசுங்கிவிடும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். விரல் ரேகையில் உள்ள உப்பும் எண்ணெயும் செம்பின்மேல் சில மாதங்களில் கறுப்புத் தடமாகப் படியும், பிறகு அது போகாது. ஐந்து முதல் பத்து மடங்கு காட்டும் பூதக்கண்ணாடி ஒன்றும், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். காசு வாங்கும் முன்பே இவ்விரண்டையும் வாங்கிவிட வேண்டும்.

பிறகு பிரியுங்கள்: தங்கம், டிரான்ஸ்வால் குடியரசுத் தலைவர் குரூகரின் தலை உள்ளவை, பிரிட்டிஷ் காசு, 1923 முதல் 1960 வரையான யூனியன் (அன்றைய தென்னாப்பிரிக்க ஒன்றியம்) காசு, 1961க்குப் பிந்தைய ராண்டு, இந்திய ரூபாய். டர்பன், டொங்காட், வெருலம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் குரூகர் காசைவிட பிரிட்டிஷ் காசு அதிகம் இருந்தால் வியக்க வேண்டாம். நேட்டால் பிரிட்டிஷ் காலனி. அங்கே புழங்கியது இங்கிலாந்தின் ஷில்லிங்கும் பவுனும்தான். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் என்று ஒப்பந்தம் போட்டு வந்தவர்களின் சம்பளமும், 1895 சட்டம் சுமத்திய 3 பவுன் தலைவரியும் அந்தக் காசில்தான் கணக்கு. அப்படிப்பட்ட சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு என்பதால், எது எந்த முடிச்சில், எந்தக் கடிதத்தோடு இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள். சந்தையில் அதற்கு விலை இல்லை. ஆனால் அடுத்த தலைமுறை முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

எந்தக் காசு வெள்ளி, எந்தக் காசு வெறும் உலோகம்?

குரூகர் தலை உள்ள டிரான்ஸ்வால் வெள்ளிக் காசுகள் (1892 முதல் 1897 வரை) ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. யூனியன் காசுகளில் 1923 முதல் 1950 வரை 800 பங்கு. 1951 முதல் 1960 வரை 500 பங்கு. 1961 முதல் 1964 வரை வந்த 2½, 5, 10, 20, 50 சென்ட் காசுகளும் 500 பங்குதான். 1965இலிருந்து சில்லறையில் வெள்ளி போய் நிக்கல் வந்தது. ஒரு ராண்டு மட்டும் 800 பங்கு வெள்ளியில், 15 கிராம் எடையில் வந்தது.

பிரிட்டிஷ் காசில் கோடு வேறு இடத்தில் விழுகிறது: 1919 வரை 925, 1920 முதல் 1946 வரை 500, 1947இலிருந்து வெள்ளியே இல்லை. இந்தியாவிலிருந்து வந்த விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், 917 பங்கு.

இதைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். 1947 முதல் 1950 வரை வந்த 5 ஷில்லிங்கும் 1951க்குப் பிந்தைய 5 ஷில்லிங்கும் ஒரே எடை, 28.28 கிராம். முதலாவதில் 22.6 கிராம் வெள்ளி இருக்கிறது, இரண்டாவதில் 14.1 கிராம்தான். 1952இல் வந்த கப்பல் படம் போட்ட 5 ஷில்லிங் பல வீடுகளில் உண்டு. டச்சுக்காரர் வான் ரீபேக் கேப்புக்கு வந்து 300 ஆண்டு ஆனதன் நினைவுக் காசு அது. அழகானது, ஆனால் அரிதானதன்று.

மற்ற எடைகளும் மனப்பாடமாக இருக்கட்டும். குரூகர் காசுக்கும் யூனியன் காசுக்கும் ஏறத்தாழ ஒன்றேதான்: 2½ ஷில்லிங் 14.14, 2 ஷில்லிங் 11.31, ஷில்லிங் 5.65, ஆறு பென்ஸ் 2.83, டிக்கி 1.41 கிராம்.

டிக்கி என்றால் எது?

மூன்று பென்ஸ். 16 மில்லிமீட்டர் அகலமே உள்ள சின்ன வெள்ளிக் காசு, 1960 வரை அச்சானது. பெரும்பாலான ஆண்டுகளின் டிக்கி மலிவு. 1931 டிக்கி கிடைத்தால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், ஏனென்றால் அந்த ஆண்டில் மிக மிகக் குறைவாகவே அச்சிட்டார்கள். அதனாலேயே 1934 போன்ற காசின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 1 ஆக்கும் வேலையும் நடக்கிறது. கடைசி இலக்கத்தைச் சுற்றியுள்ள வெற்றுத்தளம் மற்ற இடத்தைப் போலவே இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். அங்கே மட்டும் பள்ளமோ மெருகோ தெரிந்தால் நம்ப வேண்டாம்.

1898 தேதியுள்ள தங்க டிக்கியும் ஒன்று உண்டு. சாமி மார்க்ஸ் என்ற தொழிலதிபருக்காக அச்சிட்டது, மொத்தம் 215. முலாம் பூசிய வெள்ளி டிக்கியை அதுவென்று காட்டுபவர்கள் இருக்கிறார்கள். எடை போட்டால் முடிந்தது. அதே அளவில் தங்கம் வெள்ளியைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு கனக்க வேண்டும்.

1892 குரூகர் காசில் 'இரட்டை ஏர்க்கால்', 'ஒற்றை ஏர்க்கால்' என்கிறார்களே?

மாட்டுவண்டியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இரண்டு மாடு பூட்டும் வண்டிக்கு நடுவில் ஒற்றை ஏர்க்கால்; ஒற்றைக் குதிரை வண்டிக்குத்தான் இரண்டு பக்கமும் தண்டு. டிரான்ஸ்வாலின் முதல் குரூகர் காசுகள் 1892இல் பெர்லினில் அச்சானபோது, அங்கே இருந்த செதுக்குநர் குடியரசுச் சின்னத்தில் உள்ள வண்டிக்கு இரண்டு தண்டு வைத்துவிட்டார். நான்கு சக்கரமும் ஒரே அளவு. போயர்களின் வண்டிக்குப் பின்சக்கரம் பெரிது, ஏர்க்கால் ஒன்று. போதாக்குறைக்கு, குரூகர் தோளின் அடியில் செதுக்குநர் ஓட்டோ ஷுல்ட்ஸின் முதலெழுத்துகள் ஓ.எஸ். என்று இருந்தன; 'ஓஸ்' என்றால் அவர்கள் பேச்சில் எருது. தலைவரை எருது என்று எழுதியதாகப் பேச்சு கிளம்பி, அச்சு மாற்றப்பட்டது.

இரட்டை ஏர்க்கால் ஒரு பவுன், அரைப் பவுன், 5 ஷில்லிங் ஆகிய மூன்றில் மட்டுமே வரும். 5 ஷில்லிங் 1892 ஒரே ஆண்டுதான் அச்சானது. பார்க்கும்போது தண்டை மட்டும் நம்பாதீர்கள். தேய்ந்த காசில் ஒற்றைத் தண்டும் இரட்டைபோலத் தெரியும். சக்கரத்தைப் பாருங்கள். முன்சக்கரமும் பின்சக்கரமும் சமமென்றால் இரட்டை. பின்சக்கரம் பெரிதென்றால் ஒற்றை. தண்டு தெளிவாகத் தெரிந்தும் இரண்டு அடையாளமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் அது போலி.

தரம் என்பதை எப்படி எண்ணில் சொல்கிறார்கள்?

உலகம் முழுதும் இப்போது 1 முதல் 70 வரை. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செம்புக் காசுக்காக வகுத்த அளவு இது. 1, 2, 3 என்றால் எந்தக் காசு என்று மட்டும் சொல்ல முடியும். 4 முதல் 10 வரை உருவத்தின் வெளிக்கோடு மட்டும். 12, 15 'ஃபைன்'. 20 முதல் 35 வரை 'வெரி ஃபைன்', 40, 45 'எக்ஸ்ட்ரா ஃபைன்'. 50 முதல் 58 வரை புழங்காததுபோலவே, ஆனால் மேட்டில் சற்றே உராய்வு. 60 முதல் 70 வரை புழங்கவே இல்லை. 'எம்எஸ்' (மின்ட் ஸ்டேட், அச்சிலிருந்து வந்த நிலை) என்று முன்னால் போடுவார்கள்.

பழைய ஏலப் பட்டியல்களில் எண் இல்லாமல் சொல் மட்டும் இருக்கும். பிரிட்டிஷ் வழக்கத்தில் அந்தச் சொற்கள் அமெரிக்க வழக்கத்தைவிடக் கண்டிப்பானவை என்பதால், இங்கிலாந்து வியாபாரி 'வெரி ஃபைன்' என்றதை ஒரு அமெரிக்கர் 40 என்று சொல்லக்கூடும்.

சரி, கையில் ஒரு குரூகர் ஷில்லிங் இருக்கிறது. தரத்தை நானே பார்ப்பது எப்படி?

விளக்கிலிருந்து தொடங்குங்கள். குழல்விளக்கு வேண்டாம், அது எல்லாப் பக்கமும் ஒளி பரப்பி உராய்வை மறைத்துவிடும். ஒரே ஒரு குண்டு பல்பு உள்ள மேசை விளக்கைக் காசுக்கு ஓர் அடி மேலே பக்கவாட்டில் வையுங்கள். மற்ற விளக்குகளை அணையுங்கள்.

முதலில் கண்ணாடி இல்லாமல் காசை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். புழங்காத காசில் ஒளி நடுவிலிருந்து விளிம்புவரை ஆரக்கால்போல நீண்டு, காசு திரும்பத் திரும்பச் சக்கரமாகச் சுற்றும். அச்சு அழுத்தியபோது உலோகம் வெளிப்புறம் பாய்ந்த மிக நுண்ணிய வரிகள்தான் அந்த ஒளியைத் தருகின்றன. அந்த வரிகள் ஒருமுறை தேய்ந்தால் எந்த மருந்தும் அவற்றைத் திருப்பித் தராது. ஒளி மேடான இடத்தில் மட்டும் அறுந்து, அங்கே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது 58 அல்லது அதற்குக் கீழே. எங்குமே ஒளி சுற்றாமல், கண்ணாடிபோல ஒரே அடியாகப் பளீரென்று இருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

இப்போது கண்ணாடியில் பாருங்கள். குரூகரின் தலைப்பக்கத்தில் முதலில் தேய்வது காதுக்கு மேலுள்ள முடி, பிறகு தாடியின் மேல்புறம், புருவம். முடி இழை இழையாகப் பிரிந்து நின்றால் 45க்கு மேல். காதுக்கு மேலே மட்டும் இழைகள் ஒட்டி ஒரே தகடாக ஆகி, தாடியில் பிரிவு தெரிந்தால் 30 பக்கம். முடி மொத்தமும் மொழுக்கென்று ஆகி, தாடியில் ஓரிரு கோடு மட்டும் மிஞ்சினால் 12 அல்லது 15. ஷில்லிங், ஆறு பென்ஸ், டிக்கி மூன்றின் பூப்பக்கத்திலும் எண்ணைச் சுற்றி இலைவளையம்; அதன் இலை நடுநரம்பையும் அடியில் உள்ள முடிச்சையும் பாருங்கள். 2 ஷில்லிங்கிலிருந்து மேலே உள்ளவற்றில் குடியரசுச் சின்னம் வருகிறது, அதில் கழுகின் மார்பிறகுதான் முதலில் போகும்.

யூனியன் காசில் ஐந்தாம் ஜார்ஜுக்குக் கிரீடத்தின் பட்டியும் மீசையும். ஆறாம் ஜார்ஜுக்குக் காதுக்கு மேல் முடி. ஷில்லிங்கின் பூப்பக்கத்தில் நங்கூரத்தில் சாய்ந்து நிற்கும் பெண் உருவத்தின் முழங்கால் தேய்வதைக் கொண்டே பாதித் தரத்தைச் சொல்லிவிடலாம்.

இரண்டு பக்கமும் வேறு வேறு தரமாக இருந்தால் குறைந்ததை எழுதுங்கள். ஆசை அதிகத்தைத்தான் எழுதச் சொல்லும்.

தேய்ந்ததா, அச்சே சரியாக விழவில்லையா என்று எப்படிப் பிரிப்பது?

தேய்ந்த இடம் வழவழப்பாக, நிறம் மாறி இருக்கும். அச்சு சரியாக விழாத இடம் உருவம் மங்கலாக இருந்தாலும் அதன்மேல் பளபளப்பு அப்படியே இருக்கும். சில நேரம் அச்சிடும் முன் தகட்டில் இருந்த சின்னக் கீறல்கள்கூட அங்கே மிஞ்சியிருக்கும். அத்துடன், தலைப்பக்கத்தில் ஓர் இடம் மங்கினால் அதற்கு நேர் பின்னால் பூப்பக்கத்திலும் மங்குவது அச்சுக் குறையின் அடையாளம்.

லட்சுமி பூஜையில் வைத்த காசு. ஒவ்வொரு வருடமும் புளி போட்டுத் துலக்கியிருக்கிறோம். கெட்டுவிட்டதா?

சேகரிப்பவர் கண்ணில், ஆம். பூஜைக்கு அது குறையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குத்துவிளக்கைத் துலக்கும் அதே முறையைத்தான் காசுக்கும் செய்திருக்கிறோம், அது நம் பழக்கம். ஆனால் விளக்குக்கு மேற்பரப்பு முக்கியமன்று. காசுக்கு மேற்பரப்பு மட்டுமே முக்கியம்.

புளியில் உள்ள அமிலம் செம்பின்மேல் பல ஆண்டு படிந்த பழுப்புத் தோலைக் கரைத்து, உள்ளிருக்கும் வெறும் செம்பை வெளியே கொண்டுவரும். அந்த ரோஜா நிறம் ஓரிரு மாதத்தில் திட்டுத் திட்டாகக் கறுக்கும். சாம்பல், பற்பசை, பித்தளை மெருகுக் குழம்பு எல்லாவற்றிலும் நுண்ணிய தூள் இருக்கிறது. அது வெள்ளியின்மேல் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களைப் போடும். சாய்த்துப் பார்த்தால் அந்தக் கீறல்கள் ஒன்றாக மின்னும். தர நிர்ணய நிறுவனங்கள் இப்படிப்பட்ட காசுக்கு எண் தருவதில்லை. 'துலக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

இனி பூஜைக்கு என்று இப்போதைய ஐந்து ராண்டு காசுகள் சிலவற்றை ஒதுக்குங்கள். பழையதை அப்படியே விடுங்கள். ஏற்கெனவே துலக்கியதை 'சரிசெய்ய' இன்னொரு முறை துலக்க வேண்டாம்.

குங்குமமும் மஞ்சளும் எழுத்து இடுக்கில் அடைந்திருந்தால் அதற்கு வழி உண்டு, அடுத்த கேள்வியில்.

அப்படியானால் எதையுமே சுத்தம் செய்யக் கூடாதா?

காசின் தோலோடு சேராமல் மேலே ஒட்டியிருப்பதை எடுக்கலாம்: எண்ணெய், சந்தனம், குங்குமம், பழைய பசை, ஒட்டு நாடாவின் பிசின். தோலோடு சேர்ந்ததை, அதாவது நிறமாற்றத்தை, தொடக் கூடாது.

தேவையானது சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அழிப்பான் உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். கண்ணாடிக் கிண்ணம் இரண்டு, வடிநீர் ஒரு குப்பி, பஞ்சுத் துணி.

சன்னலைத் திறந்து வையுங்கள். பூஜை விளக்கு, அடுப்பு எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது. அசிட்டோன் ஆவி தீயைத் தேடிப் போய்ப் பிடிக்கும். முதலில் வடிநீரில் காசை அரைமணி நேரம் போடுங்கள். சந்தனமும் மஞ்சளும் பாதி அதிலேயே இளகும். எடுத்து ஒற்றி உலர்த்தி, முதல் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு அசிட்டோன் விட்டு மூடி, பத்து நிமிடம் வையுங்கள். இரண்டாவது கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் அலசுங்கள். இந்த இரண்டாம் அலசலைத் தவிர்ப்பதால்தான் பலருக்குக் காசின்மேல் வெள்ளைப் படலம் மிஞ்சுகிறது: கரைந்த அழுக்கு, திரவம் ஆவியாகும்போது மறுபடி படிகிறது. பிறகு துணிமேல் நிற்கவைத்து உலரவிடுங்கள். தேய்க்கவே வேண்டாம், ஒற்றவும் தேவையில்லை. பல வகைப் பிளாஸ்டிக் கிண்ணம் அசிட்டோனில் கரையும் என்பதை மறக்காதீர்கள்.

வெள்ளியை நொடியில் வெளுக்கும் 'டிப்' மருந்து வாங்காதீர்கள். அது கறுப்பை மட்டும் எடுப்பதில்லை, கறுப்பின் அடியில் இருக்கும் வெள்ளித் தோலையும் சேர்த்துக் கரைக்கிறது. இரண்டு மூன்று முறைக்குப் பின் காசு பால்போல வெளுத்து உயிரற்றுப் போகும்.

காசில் பச்சை படிகிறது. டர்பனில் இது ஏன் இவ்வளவு அதிகம்?

கடற்காற்றின் உப்பும் கோடை ஈரமும் சேர்வதால். ஜொகானஸ்பர்க் உயரத்தில், லெனேசியாவில் இருபது ஆண்டு சும்மா கிடந்த பென்னி டர்பனில் இரண்டு மழைக்காலத்தில் பச்சை பிடிக்கலாம்.

பச்சையில் மூன்று வகை. கண்ணாடிபோல் மென்மையான கரும்பச்சைத் தோல் காசைக் காக்கிறது, விட்டுவிடுங்கள். பிசுபிசுப்பான பச்சை என்றால் மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை வியர்த்திருக்கிறது. அசிட்டோன் அதை எடுக்கும், உறையைத் தூக்கி எறியுங்கள். வெளிர்பச்சையாக, சுண்ணாம்புத் தூள்போல, குச்சியால் தொட்டால் உதிர்ந்து அடியில் குழி தெரிந்தால் அது குளோரைடு அரிப்பு. எடுத்தாலும் மறுபடி வரும். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, வடிநீரில் ஊறவைத்து, தினம் நீரை மாற்றி ஒரு வாரம் செய்து, நன்றாக உலர்த்தித் தனிப் பெட்டியில் வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

எதில் வைப்பது?

பிவிசி இல்லாத மைலார் சாளரம் வைத்த அட்டை, அல்லது அளவுக்கு ஏற்ற கெட்டி அக்ரிலிக் கூடு. அட்டையைக் கம்பி ஊசியால் பிணைத்தால் ஊசியின் முதுகைக் குறட்டால் தட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் அடுக்கும்போது பக்கத்துக் காசைக் கீறும். காசை வெளியே எடுக்கும்போது முதலில் ஊசியைக் கழற்றுங்கள். அட்டையைக் கிழித்துக் காசை இழுத்தபோது விழுந்த நேர்க்கோட்டுக் கீறல்களை எத்தனையோ நல்ல காசுகளில் காணலாம்.

எல்லாவற்றையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் மணிகள் வாங்கினால் எப்போது ஈரம் குடித்தது என்று தெரியும். அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். ரப்பர் வளையம், செய்தித்தாள், கம்பளித் துணி மூன்றிலும் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்கும். அந்துருண்டை வேண்டாம். கற்பூரமும் சாம்பிராணியும் ஏற்றும் பூஜை அறையிலும் வைக்க வேண்டாம்; அந்தப் புகையின் கரி, காசின் எண்ணெய்ப் படலத்தோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

காசுமாலையில் கோத்த பவுன்களுக்குச் சேகரிப்பு விலை உண்டா?

பெரும்பாலும் தங்க விலைதான். காரணம் வளையம். பவுனின் மேல்விளிம்பில் பன்னிரண்டு மணி இடத்தில் தட்டார் வளையத்தைப் பற்றவைத்தபோது வெப்பம் அந்த இடத்து வரிப்பள்ளங்களை உருக்கிவிட்டது. வளையத்தை வெட்டி மெருகிட்டாலும் விளிம்பைச் சுற்றிப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாது. ஓட்டை போட்டதற்கும் இதே கதி.

ஆனாலும் விற்கும் முன் ஒவ்வொரு பவுனையும் தனித்தனியாகப் பாருங்கள். நாம் பவுன் என்று எட்டு கிராமைச் சொல்வது இந்தக் காசின் எடையால்தான்: பிரிட்டிஷ் சவரனும் குரூகர் பவுனும் 7.988 கிராம், 22 காரட், அதனுள் 7.32 கிராம் சுத்தத் தங்கம். குதிரைமேல் ஜார்ஜ் புனிதர் உள்ள சவரனில், தேதிக்கு மேலே தரையில் எஸ்ஏ என்ற எழுத்து இருந்தால் அது 1923 முதல் 1932 வரை பிரிட்டோரியாவில் அச்சானது. அவற்றில் 1923, 1924 இரண்டும் அரிது. குரூகர் தலை உள்ளதில் இரட்டை ஏர்க்கால் இருந்தால் வளையம் இருந்தாலும் கேட்பவர் உண்டு. 1874 தேதியும், குரூகருக்கு முன் டிரான்ஸ்வால் குடியரசுத் தலைவராக இருந்த பர்கர்ஸின் தாடி முகமும் இருந்தால் தட்டாரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தப் பவுன் மொத்தம் 837தான் அச்சானது.

பற்றவைக்காமல் நகப்பிடி வளையத்தில் அடைத்திருந்தால் காசு தப்பியிருக்கலாம். கழற்றுவதை நாணய வியாபாரி முன்னிலையில் செய்யுங்கள்.

மாலையைப் பிரிப்பதா என்பது வேறு கேள்வி. எங்கள் கருத்து: பிரிக்காதீர்கள். தனிக் காசாகச் சேதமடைந்தது, மாலையாக முழுமையாக இருக்கிறது.

போலியைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடியது என்ன?

எடை, அளவு, அடர்த்தி, இந்த வரிசையில்.

பவுனுக்கு 22 மில்லிமீட்டர் விட்டம். புழங்கித் தேய்ந்தாலும் 7.90க்குக் கீழே வந்தால் ஐயப்படுங்கள், இங்கிலாந்தில் 7.94க்குக் கீழே இறங்கிய சவரன் சட்டப்படியே செல்லாக்காசு. எட்டு கிராமைத் தாண்டினால் பற்று மிஞ்சியிருக்கிறது, அல்லது காசே பொய். ஒரு அவுன்ஸ் குரூகர்ராண்டு 33.93 கிராம்.

அடர்த்திக்குத் தராசின்மேல் ஒரு குவளை நீர் வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, நீருக்குள் முழுதும் மூழ்கும்படி, அடியையும் சுவரையும் தொடாமல் பிடியுங்கள். காசில் ஒட்டும் காற்றுக் குமிழியைத் தட்டி விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் உலர்ந்த எடையை வகுங்கள். 22 காரட் தங்கத்துக்கு 17.5 அருகே வர வேண்டும். 925 வெள்ளிக்கு 10.3 அருகே. 28.28 கிராம் குரூகர் 5 ஷில்லிங் நீரில் 2.73 பக்கம் காட்டினால் சரி, 3.18 காட்டினால் அது செம்பு நிக்கல்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பவுன் நீரில் 0.46தான் காட்டும், தராசு 0.01 தவறினாலே விடை 17.1 முதல் 17.9 வரை ஆடும். டிக்கிக்கு இந்த முறை பயனே இல்லை. தங்கக் கட்டியையும் காசையும் டங்ஸ்டன் உள்வைத்து ஏமாற்றுபவர்களும் உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்துக்கு மிக நெருக்கம். பெரிய தொகை என்றால் எக்ஸ்ரே கருவி உள்ள வியாபாரியிடம் போங்கள்.

வார்ப்புப் போலியில் எழுத்தின் ஓரம் சோப்புபோல மழுங்கி, வெற்றுத்தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பில் ஒட்டுக் கோடு ஓடும்.

மண்டேலா 90ஆம் பிறந்தநாள் 5 ராண்டு காசுக்கு ஆயிரக்கணக்கில் தருகிறார்களாமே?

2008இல் வந்த அந்தக் காசு புழக்கத்துக்காகவே பெருமளவில் அச்சிட்டது. பையிலிருந்து எடுத்த, கீறல் விழுந்த ஒன்றின் மதிப்பு 5 ராண்டு. யாரோ பெரிய விலை எழுதி விளம்பரம் போடுவது விலையாகாது. யாராவது அந்த விலைக்கு வாங்கியிருந்தால்தான் விலை. 'உங்கள் காசை விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வயதானவர்கள் ஓய்வூதியப் பணத்தை இப்படி இழப்பது நெஞ்சைச் சுடுகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஒரு பதிலையாவது படித்துக் காட்டுங்கள்.

நிறுவனத்துக்கு அனுப்பித் தரம் வாங்குவது எப்போது?

என்ஜிசி, பிசிஜிஎஸ் இரண்டும் காசின் தரத்தை நிர்ணயிக்கும் அமெரிக்க நிறுவனங்கள். கட்டணம், அஞ்சல், காப்பீடு மூன்றையும் கூட்டுங்கள். தரம் கிடைத்தபின் விலை உயரும் தொகை அந்தக் கூட்டலைப்போல இரண்டு மடங்காவது இருக்கும் என்றால் அனுப்புங்கள். குரூகர் காசில் நல்ல தரமும், அரிய தேதியும், ஐயத்துக்கு இடமான உயர்விலைக் காசும் இதில் சேரும். துலக்கிய காசை அனுப்புவது வீண் செலவு.

தமிழ் எழுத்துள்ள காசு சேர்க்க ஆசை.

சேர்க்கலாம். பிரிட்டிஷ் காலத்து இலங்கைச் சில்லறையில் சிங்களத்தோடு தமிழும் உண்டு, மலிவாகக் கிடைக்கும். அதற்கும் முன்னால், 1807 முதல் மதராஸில் அச்சான கால் வராகன் வெள்ளிக் காசு: ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு, சுற்றித் தமிழும் தெலுங்கும். நம் மக்கள் கப்பலேறிய துறைமுகத்தில் ஒரு காலத்தில் புழங்கிய காசு என்பதால், ஒன்றை வைத்திருப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. மொரீஷியஸ் நோட்டுகளிலும் தமிழ் இருக்கிறது. 1998இல் தமிழைக் கீழே தள்ளி அச்சிட்ட நோட்டுகளை அங்குள்ள தமிழர் எதிர்த்ததால் திரும்பப் பெற்று, மறு ஆண்டு வரிசையைத் திருத்தி வெளியிட்டார்கள்.

கையில் பணமில்லை, பையனுக்குப் பத்து வயது. எங்கே தொடங்கலாம்?

சில்லறையில். தென்னாப்பிரிக்கக் காசுகளில் நாட்டின் பெயர் பல ஆட்சிமொழிகளில் மாறி மாறி வருகிறது. பதினொரு மொழியையும் பையனே சில்லறையில் தேடிப் பிடிக்கட்டும். 2002இல் நின்றுபோன 1, 2 சென்ட்டையும் 2012இல் நின்ற 5 சென்ட்டையும் பாட்டிமார் டப்பாக்களில் தேடட்டும். அடுத்ததாக, கப்பல் படமுள்ள யூனியன் பென்னிகள், 30.8 மில்லிமீட்டர் அகலம், சிறு கைக்கும் பிடிக்க எளிது, பெரும்பாலான ஆண்டுகள் மலிவு. செஞ்சுரியனில் உள்ள நாணயச்சாலையின் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். 'ஊம் பால்' என்று பேர்பெற்ற, குரூகர் காலத்து அச்சு இயந்திரம் அங்கே இன்னும் ஓடுகிறது.

விற்க வேண்டி வந்தால்?

காசின் இரு பக்கத்தையும் விளிம்பையும் படமெடுத்து, எடையை எழுதிக்கொண்டு போங்கள். குறைந்தது இரண்டு வியாபாரிகளிடம் கேளுங்கள், இருவரும் நகை வாங்குபவர்களாக இல்லாமல் ஒருவராவது நாணயம் மட்டும் விற்பவராக இருக்கட்டும். அன்றைய தங்க, வெள்ளி விலையைக் கிராமுக்கு இவ்வளவு என்று காலையில் பார்த்து, உங்கள் காசில் உள்ள சுத்த உலோகத்தால் பெருக்கி வையுங்கள். அதற்குக் கீழே யார் சொன்னாலும் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். காசு உங்கள் கண்ணை விட்டு உள்ளறைக்குப் போகக் கூடாது. எடை உங்கள் முன்னால் போடப்பட வேண்டும். மொத்தமாக ஒரு விலை சொன்னால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதித் தரக் கேளுங்கள்.